வெயில் தின்னாத நிறம்

சிவகாசியில் அச்சடித்த சாமிப்படக் காலண்டர் ஒன்று வெயில் விழும் சுவரில் ஓராண்டு தொங்கினால் என்ன ஆகும் என்பது விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் முகத்தின் சந்தன நிறம் வெளிறும். அடுத்து குங்குமமும் பட்டின் சிவப்பும் ரோஜா நிறமாகிக் கரையும். மாலையில் இருக்கும் மஞ்சள் சாமந்தி காகிதத்தின் வெள்ளையோடு கலந்துவிடும். கடைசியில் முருகனும் மயிலும் மலையும் ஒரே நீலத்தில் நிற்க, தேதிக் கட்டங்களின் கறுப்பு மட்டும் அச்சகத்தை விட்டு வந்த அன்று இருந்தது போலவே இருக்கும். காலண்டர் அச்சில் புழங்கும் மைகள் நான்கு: மஞ்சள், மெஜந்தா, சயான், கறுப்பு. மஞ்சளும் மெஜந்தாவும் பெரும்பாலும் அசோ என்ற வகையைச் சேர்ந்த கரிமச் சேர்மங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பில்தான் அவற்றின் நிறம் நிற்கிறது, வெயில் கைவைப்பதும் அங்கேதான். சயான் என்பது காப்பர் தாலோசயனின். நடுவில் ஒரு செம்பு அணு, அதை நான்கு பக்கமும் நைட்ரஜன் அணுக்கள் பிடித்துக்கொண்டிருக்கும் உறுதியான வளையம். கறுப்போ வெறும் கரி. வெயிலால் அதற்கு மேல் அதை ஒன்றும் செய்துவிட முடியாது. நான்கு நிறங்களின் மேலும் ஒரே வெயில் விழுந்தது, ஆனால் கலைந்தவை இரண்டுதான்.

இதே சோதனை விருதுநகர், சாத்தூர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் என்று இந்த வெயில் நாட்டில் மேற்கு பார்த்த ஒவ்வொரு வாசல் கதவிலும் நடந்துகொண்டிருக்கிறது. பெயிண்ட் கடையில் விரித்துக் காட்டும் நிற அட்டையில் நூற்றுக்கணக்கான நிறங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் எது எடுப்பாக இருக்கும் என்று பார்க்கிறார், கடைக்காரர் எது அதிகம் போகிறது என்று சொல்கிறார், பெயிண்டர் எது இரண்டு கோட்டில் மூடும் என்று யோசிக்கிறார். மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் நாள் முழுக்க வெயில் வாங்கும் கதவுக்கு இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இந்த நிறம் வெயிலில் எவ்வளவை விழுங்கும்? இந்த நிறம் எதனால் ஆனது? முதல் கேள்வி கதவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது, இரண்டாவது நிறத்தின் ஆயுளை. இரண்டுக்கும் பொருந்தி வரும் நிறங்கள் எவை என்று தேடிப் போனால், கடை அட்டையின் ஒரு சிறிய மூலைக்குத்தான் வந்து சேர்வோம். அந்த மூலையில் இருப்பவை இம்மண்ணுக்குப் பழகிய நிறங்கள்.

முதலில் வெயிலின் திசை. வீட்டுப் பூச்சு பற்றி மேலைநாடுகளில் எழுதப்படும் குறிப்புகள் தெற்குக் கதவைத்தான் எச்சரிக்கும். அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே நிற்கிறது. சிவகாசி இருப்பது வடக்கு அட்சரேகை 9.45 பாகையில். ஏப்ரல் 14 வாக்கில், சித்திரை பிறக்கும் நாளை ஒட்டி, நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் மறுபடியும் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாலரை மாதம் நண்பகல் வெயில் வடக்குச் சுவரில்தான் விழும், மற்ற மாதங்களில் தெற்குச் சுவரில். ஆனால் நண்பகல் சூரியன் ஆண்டின் எந்த நாளிலும் 57 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் வடக்கு வாசலையும் தெற்கு வாசலையும் கதவுக்கு மேலே நீட்டிய ஒரு சன்ஷேடே பெருமளவு காப்பாற்றிவிடும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. அங்கே வெயில் சாய்ந்து வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்து கதவின் மேல் நேராக விழுகிறது. காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் கிழக்குக் கதவு தப்பிக்கிறது. மேற்குக் கதவு வாங்குவது, ஊரே சூடேறிய பிறகு வரும் வெயில். மாலை 4 மணி தாண்டி சூரியன் 30 பாகை உயரத்தில் இருக்கும்போது, மொட்டை மாடி ஒரு சதுர மீட்டருக்கு வாங்கும் வெயிலைவிட மேற்குக் கதவு ஒரு சதுர மீட்டருக்கு வாங்கும் வெயில் அதிகம். மாடிக்கு அது சாய்வெயில், கதவுக்கு நேர்வெயில். மாடிக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று இன்று எல்லாரும் பேசுகிறார்கள். கதவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த நேரத்தில் மேகமில்லாத நாளில் மேற்குக் கதவின் ஒரு சதுர மீட்டரில் சுமார் 650 வாட் விழுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சதுர மீட்டர் கதவுக்கு 1300 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி முழுச் சூட்டில் வாங்கும் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். இதில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதை நிறம் முடிவு செய்கிறது. கரிக் கறுப்பு நூற்றுக்கு 95 பங்கை விழுங்கும். கரும்பச்சை, காப்பி நிறம், மெரூன் ஆகியவை கண்ணுக்குத்தான் கறுப்பிலிருந்து வேறு. வெயிலை விழுங்குவதில் 85, 90 பங்கு என்று கறுப்பின் பக்கத்திலேயே நிற்கும். புதிதாகப் பூசிய வெள்ளை 20, 25 பங்கு. கிரீம், சந்தனம், வெளிர் சாம்பல் போன்றவை 30 முதல் 45 வரை. நிழலில் 37 பாகை வெப்பம் இருக்கும் சித்திரை மாலையில், காற்றும் கதிர்வீச்சும் கதவிலிருந்து எடுத்துக்கொண்டு போகும் வெப்பத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால், கறுப்புப் பூச்சின் மேற்பரப்பு 65 பாகையைத் தாண்டும், கிரீம் பூச்சு 48, 49 பாகையில் நிற்கும். காற்று வீசும் நாளில் இந்த எண்கள் இறங்கும், காற்றே இல்லாத நாளில் ஏறும். ஆனால் இருபது பாகையை ஒட்டிய ஓர் இடைவெளி பெரும்பாலும் இருக்கும். இவ்வளவு வித்தியாசத்தையும் உண்டாக்குவது காகிதத்தைவிட மெல்லிய ஒரு படலம்.

இருபது பாகை கதவை என்ன செய்யும்? அது கதவு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. மரக்கதவுக்குச் சூட்டைவிட, சூடு விரட்டும் ஈரம்தான் பிரச்சினை. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் இரண்டொரு மாதத்துக்குள் கொட்டித் தீர்க்கிறது. அப்போது ஊறிப் பெருத்து நிலையில் இறுகி, தோளால் தள்ளினால்தான் திறக்கும் அதே கதவு, சித்திரையில் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சுருங்கிவிடும். நார்ப்போக்கில் மரம் ஏறக்குறைய அசைவதில்லை; குறுக்குவாட்டில் சில மரங்கள் பலகை அகலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிக் குறையும். இந்த அசைவுக்கெல்லாம் மேலே இருக்கும் பூச்சு ஈடுகொடுத்தாக வேண்டும். அடர்ந்த நிறம் பூசிய கதவில் வெளிமுகம் காய்ந்து சுருங்க, உள்முகம் அப்படியே இருக்கும். பலகை வளைவதும் கீல் பக்கம் இழுப்பதும் இதனால்தான். வெயில் நேரத்தில் மரத்துக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சை உள்ளிருந்து தள்ளும், கொப்புளம் கிளம்பும். இரும்புக் கதவுக்கு ஈரப்பிரச்சினை இல்லை. இரண்டு மீட்டர் கதவு 30 பாகை சூடேறினால் 0.7 மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் நாதாங்கியைத் தொட முடியாது, உள் அறையும் இரவு வரை அனலடிக்கும். பிளாஸ்டிக் கதவுதான் எல்லாவற்றிலும் பலவீனம். பி.வி.சி. 80 பாகை வாக்கில் தன் விறைப்பை இழந்துவிடும். அதற்கு வெகுமுன்னரே தளரத் தொடங்கும். மேற்கு பார்த்த பி.வி.சி. கதவுக்கு அடர் காப்பி நிறம் பூசுவது அதை வளைப்பதற்கு நாமே ஏற்பாடு செய்வதாகும்.

வெப்பம் வெயிலின் பாதி வேலைதான். மறுபாதியைச் செய்வது, வெயிலின் ஆற்றலில் வெறும் ஐந்து பங்கே உள்ள புறஊதா. அளவில் சிறிது என்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. பூச்சைப் பிடித்து நிறுத்தும் பிசினின் முதுகெலும்பான கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க ஒரு மோலுக்கு 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 345 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளித்துகள்களில் சரியாக அந்த ஆற்றல் இருக்கிறது. தரைக்கு வந்து சேரும் வெயிலோ 295 நானோமீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே பிணைப்பை அறுக்கும் வலுவுள்ள ஒளி தினமும் கதவில் விழுகிறது. அறுந்த முனைகளை ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்ளும், அது பக்கத்துப் பிணைப்புக்குத் தாவும். நம் ஊரில் கதவுக்குப் பூசும் சாதாரண எனாமல், தாவர எண்ணெய் கலந்த ஆல்கிட் பிசின். காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கித்தான் அது உலர்ந்து கெட்டியாகிறது. கெட்டியான பிறகும் வாங்குவதை நிறுத்துவதில்லை. முதலாண்டு பளபளப்பு, அடுத்து மங்கல், பிறகு கையால் தடவினால் சுண்ணாம்பு மாவு போல ஒட்டும் தூள், கடைசியில் வெடிப்பு. சூடு இதைத் துரிதப்படுத்தும். பிணைப்பை முதலில் அறுப்பது ஒளி, அதற்குச் சூடு அவ்வளவு முக்கியமல்ல. ஆனால் அதன் பின்னால் நடக்கும் ஆக்ஸிஜன் வேலை பெரிதும் சூட்டைப் பொறுத்தது. எனவே நிறத்தின் அடர்த்தியும் பூச்சின் ஆயுளும் தனித்தனிச் சமாச்சாரங்கள் அல்ல.

இனி இரண்டாவது கேள்வி, நிறம் எதனால் ஆனது. இதற்கு வேண்டிய சான்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நிலையில் பூசும் மஞ்சள் சில நாளில் வெளுத்துவிடும். துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்குப் போகாது, துவைத்து வெயிலில் காயப்போட்டால் போய்விடும். மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமின் வெளிச்சத்தில் உடைந்துபோகும் கரிமச் சேர்மம். அதே தெருவின் கோடியில் இருக்கும் கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட்டிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற மதிலில் மழை கரைத்த இடம் இருக்கும், பெயர்ந்த இடம் இருக்கும். ஆனால் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காவி காவியாகத்தான் இருக்கும். காவி இரும்பு ஆக்சைடு. ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து முடிந்த பொருளிடம் வெயிலுக்கும் காற்றுக்கும் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. மஞ்சள் காவியும் இரும்பின் இன்னொரு ஆக்சைடு, தண்ணீர் சேர்ந்தது. இன்றைய பெயிண்டுகளில் இவை ஆலையில் தயாரித்த வடிவில் ரெட் ஆக்சைடு, எல்லோ ஆக்சைடு என்ற பெயரில் கலக்கப்படுகின்றன. பொருள் அதுவேதான்.

கரிமப் பொருள் எல்லாமே வெளுக்கும், கனிமம் எல்லாமே நிற்கும் என்று ஒரே வரியில் எழுதிவிட முடிந்தால் வசதிதான், ஆனால் அது உண்மையாகாது. காலண்டரின் நீலமும் கரிமச் சேர்மம்தான், ஆனால் 1935-இல் விற்பனைக்கு வந்த நாளிலிருந்து வெளிப்புறப் பூச்சுகளில் அது தன் உறுதியைக் காட்டிவருகிறது. அந்த உறுதி செம்பால் மட்டும் வந்ததல்ல, செம்பைப் பிடித்திருக்கும் வளையத்தால் வந்தது. இதைச் சிவகாசிப் பட்டாசுத் தொழில் மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. வாணவெடியில் சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. இவற்றில் நீலம்தான் மருந்து கலப்பவர்களுக்குச் சவால். நீல ஒளியைத் தரும் செம்பு குளோரைடு மூலக்கூறு, சுடர் கொஞ்சம் சூடு மிஞ்சினாலும் உடைந்து நிறம் வெளிறிவிடும். சுடரில் அரை நொடி நிற்க முடியாத அதே செம்பு, தாலோசயனின் வளையத்துக்குள் பத்தாண்டு வெயிலைத் தாங்குகிறது. எனவே பெயிண்டில் என்ன தனிமம் இருக்கிறது என்று கேட்பது போதாது, அது எந்தக் கட்டமைப்பில் இருக்கிறது என்பதே முக்கியம். வெளிர் நீலமும் வெளிர் பச்சையும் மேற்குக் கதவுக்கு ஆகாதவை அல்ல என்பது இதிலிருந்து கிடைக்கும் நல்ல செய்தி. அவற்றின் நிறத்தைத் தருவது பெரும்பாலும் இந்தத் தாலோசயனின் குடும்பம். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள், ரத்தச் சிவப்பு, ரோஜா, கத்தரிப்பூ நிறம் ஆகியவற்றில்தான் எச்சரிக்கை வேண்டும். அவற்றிலும் உயர்ந்த விலையில் உறுதியான நிறமிகள் உண்டு. சாதாரண எனாமல் டப்பாவில் அவை இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

அப்படியானால் வெள்ளையே பூசிவிடலாமே? வெள்ளையின் நிறமி டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் மூலப்பொருளான இல்மனைட் மணல் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாகக் கிடக்கிறது. அதிலிருந்து இரும்பைப் பிரித்து எடுத்தால் உலகத்தில் புழங்கும் பெயிண்டுக்கெல்லாம் வெள்ளை தரும் பொருள் கிடைக்கிறது. ஒளியை வளைத்துத் திருப்பும் திறனில் வைரத்தை மிஞ்சும் இது புறஊதாவைத் தானே விழுங்கிக் கீழேயுள்ள பிசினையும் மரத்தையும் காக்கும். ஆனால் விழுங்கிய ஆற்றலை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது என்பதும் உண்மை. அதன் அனட்டேஸ் என்ற படிக வடிவம், பட்ட வெளிச்சத்தால் தன்னைச் சுற்றியுள்ள பிசினையே எரித்துத் தூளாக்கும். தொடக்ககால டைட்டானியப் பெயிண்டுகள் வெளிச்சுவரில் சீக்கிரமே மாவாக உதிர்ந்தது இதனால்தான். பின்னர் வந்த ரூட்டைல் வடிவம், துகளின் மேல் சிலிக்காவும் அலுமினாவும் போர்த்தப்பட்டு, அந்தக் குணத்தை அடக்கி வைத்திருக்கிறது. உள்சுவருக்கென்று விற்கும் மலிவான வெள்ளையை வெளிக்கதவில் பூசினால் பழைய கதைதான். நல்ல வெள்ளை வெயிலைப் பொறுத்தவரை சிறந்த தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கதவு என்பது கை படும் பொருள். கரிசல் புழுதி படியும், பேருந்துப் புகை படியும், எண்ணெய்க் கை நாதாங்கியைச் சுற்றி வட்டம் போடும். அழுக்கேறிய வெள்ளை, தொடக்கத்தில் திருப்பி அனுப்பிய வெயிலில் கணிசமான பங்கை ஒன்றிரண்டு ஆண்டில் விழுங்கத் தொடங்கிவிடும். அதே டைட்டானிய வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சள் காவி சேர்ந்த சந்தன நிறம், புதிதாக இருக்கும்போது வெள்ளையைவிடக் கொஞ்சம் அதிகம் விழுங்கும். புழுதி படிந்த பிறகு இரண்டுக்கும் இடைவெளி குறைந்துவிடும். பார்வைக்கும் அது அழுக்காகத் தெரியாது.

இந்தப் புழுதிக் காரணத்தையே வைத்து அடர் நிறத்துக்கு வாதாடுபவர்கள் உண்டு. காப்பி நிறத்தில் அழுக்குத் தெரியாது என்பது அவர்கள் கட்சி. கரிசல் புழுதிக்கு அது பாதிதான் உண்மை. காய்ந்த கரிசல் புழுதி சாம்பல் பூத்த நிறம், அடர் காப்பி எனாமலில் அது வெள்ளைத் திட்டாகத் தெரியும். அதைவிட முக்கியமானது, அடர் பூச்சில் சுண்ணாம்பாதல் முதலில் கண்ணில் படும். சந்தன நிறத்தில் மேற்பரப்பு மாவானாலும் நிறம் அதிகம் மாறித் தெரியாது. காப்பியிலும் மெரூனிலும் அதே மாவு நரைத்த தோற்றம் தரும். அடர் நிறம் வேண்டும் என்று மனம் கேட்டால் இன்று ஒரு வழி இருக்கிறது. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்துகொண்டே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் குரோமியம்–இரும்பு ஆக்சைடு நிறமிகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. கரிக் கறுப்பு திருப்பி அனுப்புவது ஐந்து பங்கு என்றால் இவை 25, 30 பங்கு அனுப்பும். பலன் உண்டு, ஆனாலும் வெளிர் சந்தனத்துக்கு அது ஈடாகாது. சாதாரணக் காவிச் சிவப்புக்கும் இந்தக் குணம் ஓரளவு இருப்பதால், அடர் நிறங்களுக்குள் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும் என்றால் கரி கலக்காத காவிச் சிவப்பைச் சொல்வேன்.

தேக்குக் கதவை ஏன் பெயிண்டால் மூட வேண்டும், வார்னிஷ் போதாதா என்று கேட்பவர்களின் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. நல்ல தேக்கின் வரிகளை மறைப்பது எளிதான முடிவல்ல. ஆனால் தெளிந்த வார்னிஷ் புறஊதாவுக்குப் பெரும்பாலும் திறந்த வாசல். அது ஊடுருவிப் போய் மரத்தின் லிக்னினைத் தாக்கும். மர நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்தப் பொருள் சிதைந்ததும், வார்னிஷ் ஒட்டிக்கொண்டிருக்கும் மேல்தோல் நாரே மரத்திலிருந்து கழன்றுவிடும். வார்னிஷ் சருகாக உரிந்து வரும்போது அதன் உள்பக்கத்தைப் பார்த்தால் மெல்லிய நார்கள் ஒட்டியிருப்பது தெரியும்: வார்னிஷ் பிடியை விடவில்லை, மரம்தான் விட்டுவிட்டது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குக் கதவுகள் தலைமுறை கடந்து நிற்கின்றனவே என்றால், அவை திண்ணைக்கும் முகப்புக்கும் உள்ளே நிழலில் நிற்கின்றன. நிழல் இருந்தால் வார்னிஷ் பூசலாம். நேர்வெயிலில் நிற்கும் தேக்குக்கு, நிறமி கலந்த பூச்சுதான் காவல்.

இரும்புக் கதவுக்கும் கேட்டுக்கும் இந்தப் பக்கத்தில் பலர் பூசுவது சில்வர் பெயிண்ட். பளபளக்கிறது, வெயிலைத் திருப்பி அடிக்கும் என்பது நம்பிக்கை. திருப்புவது உண்மை, அதற்குள் ஒரு சிக்கலும் இருக்கிறது. சூடான பொருள் தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாகவும் வெளியேற்ற வேண்டும். வெள்ளையும் சந்தனமும் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்குத் திறமையானவை. அலுமினியத் தகடுத்துகள் படிந்த சில்வர் பூச்சு அதில் பாதிகூடத் தேறாது. வாங்குவது குறைவு, விடுவதும் குறைவு. அதனால் வெயிலை வெள்ளைக்குச் சமமாகத் திருப்பினாலும் சில்வர் கதவு வெள்ளைக் கதவைவிடச் சூடாகவே நிற்கும். பட்டாசு வட்டாரத்தில் சில்வர் பெயிண்டைத் தவிர்க்க மேலும் ஒரு காரணம் உண்டு. மத்தாப்பில் பொறி பறக்க வைக்கும் அலுமினியப் பொடியும் சில்வர் பெயிண்டின் பொடியும் ஒரே உலோகம். அதற்கு அடியில் இருப்பது இரும்புத் துரு. அலுமினியமும் இரும்பு ஆக்சைடும் சேர்ந்தால் தெர்மிட். ரயில்வேயில் தண்டவாளங்களைப் பற்றவைக்கும் கலவை. துருப்பிடித்த இரும்பின் மேல் பூசிய அலுமினியப் பெயிண்டில் சுத்தியலோ கடப்பாரையோ ஓங்கி விழுந்தால் எரியூட்டும் வலுவுள்ள பொறி பறக்கக்கூடும் என்பது சுரங்கங்களிலும் எண்ணெய்க் கப்பல்களிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட ஆபத்து. வீட்டு வாசலில் அந்தப் பொறி பற்றவைக்க ஒன்றுமில்லை, பயப்பட வேண்டியதில்லை. வெடிமருந்து புழங்கும் அறைக்குள் இரும்பே வெளித்தெரியக் கூடாது என்பது தொழிலின் பாதுகாப்பு நெறி. அறைக்கு வெளியே, மருந்துப் பொடி காற்றில் வரக்கூடிய தூரத்தில் உள்ள கேட்டிலும் ஷட்டரிலும் சில்வர் பெயிண்ட் வேண்டாம் என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

இன்னொரு மறுப்பு பெயிண்டர்களிடமிருந்து வரும்: நிறத்தில் என்ன இருக்கிறது, பிரைமரும் சரக்கின் தரமும்தான் எல்லாம் என்பார்கள். பாதிக்கு மேல் அவர்கள் சொல்வது சரி. நான்கு ஓரத்திலும் கதவின் அடிக்கட்டையிலும் பிரைமர் ஏறாத கதவை எந்த நிறமும் காப்பாற்றாது. ஈரம் அங்கேதான் ஏறும், கதவைக் கழற்றாமல் பூசினால் அடிக்கட்டைக்குத் தூரிகை போகவே போகாது. ஆல்கிட் எனாமலைவிட, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமல் நெகிழ்ச்சியோடு நின்று வெயிலில் மெதுவாக மூப்படையும் என்பதும் சரிதான். ஆனால் ஒரே சரக்கை ஒரே கையால் பூசி, ஒன்றில் காப்பி நிறமும் இன்னொன்றில் சந்தனமும் இருந்தால் இரண்டாவதே அதிக நாள் நிற்கும். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு இல்லை. நிறம் மட்டும்தான் இலவசமாகக் கிடைக்கும் பாதுகாப்பு. தரத்துக்குக் காசு கொடுக்கும் வீட்டுக்காரர் இதையும் ஏன் விட வேண்டும்?

கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இப்போது பெரும்பாலான கடைகளில் நிறம் கலக்கும் இயந்திரம் உண்டு. நிற எண்ணைத் தட்டியதும், எந்தெந்தச் சாயக் கரைசல் எத்தனை மில்லிலிட்டர் என்று திரையில் வரும். அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லோ ஆக்சைடு, ரெட் ஆக்சைடு, கறுப்பு, தாலோ நீலம், தாலோ பச்சை என்று மட்டும் இருந்தால் நல்லது. ஆர்கானிக் மஞ்சள், ஆர்கானிக் சிவப்பு, மெஜந்தா, வயலெட் என்று ஒன்று பெருமளவில் இருந்தால், அதே நிறத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் மங்கலான வேறொன்றைப் பாருங்கள். எந்த பேஸ் (அடிப்படைப் பெயிண்ட்) டப்பாவில் கலக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வெள்ளை பேஸில் டைட்டானியம் நிறைய, அடர் நிறத்துக்கான பேஸில் மிகக் குறைவு. இந்த வடிகட்டல்களுக்குப் பிறகு மிஞ்சுபவை சந்தனம், வெளிர் மஞ்சள் காவி, செங்கல் வெளிறிய நிறம், வெளிர் சாம்பல், மங்கிய பச்சை, மங்கிய நீலம். மேற்கு வாசலுக்கு இவற்றில் எது மனதுக்குப் பிடிக்கிறதோ அதைப் பூசலாம். முதலிடம் நான் சந்தனத்துக்குத்தான் தருவேன். மேற்குக் கதவைப் பூசுவது காலையில், கிழக்குக் கதவை மாலையில். வெயிலில் நின்று பூசினால் மேல்தோல் முதலில் காய்ந்து தின்னரை உள்ளே சிறைவைக்கும், கொப்புளம் அன்றைக்கே தொடங்கிவிடும்.

பழைய கதவென்றால் பூசுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழங்காலத்துப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயக் குரோமேட் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்துப் பச்சை எனாமல்கள் பலவும் அதே மஞ்சளோடு பிரஷ்ய நீலம் கலந்து செய்தவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு உங்கள் கதவில் இருந்தால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க விடாதீர்கள். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பெயிண்டரின் மூக்குக்கும் வாய்க்கும் தூள் தடுக்கும் கவசம் வாங்கிக் கொடுங்கள், வேலை முடியும் வரை குழந்தைகளை வாசல் பக்கம் விடாதீர்கள், உதிர்ந்த தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.